பிள்ளைகள் இயற்றிய சட்டம்

பள்ளிக்கூடத்தின் விதிகளை இயற்றுவோர் யார் என்ற வினா கல்வி வரலாற்று நூல்களில் அதிகம் இடம்பெறுவதில்லை. பாடத்திட்டம், போதனாமொழி, பரீட்சை என்பன பற்றி ஏராளமாக எழுதிவிட்டோம். ஆனால் வகுப்பறைச் சுவரிலே தொங்கும் விதிப்பட்டியலை எழுதியவர் எவர், அது எவரைக் கட்டுப்படுத்துகிறது, எவரை விட்டுவிடுகிறது என்று கேட்டுப் பார்த்தால், சமுதாயத்தின் அதிகார அமைப்பே சிறிய உருவிலே நம்முன் வந்து நிற்கக் காணலாம்.

ஒழுங்கைப் பிள்ளைகளின் கையிலே ஒப்படைப்பது இன்று நேற்றுத் தோன்றிய புதுமையன்று. அதன் தொடக்கங்களுள் ஒன்று தமிழகத்திலேயே உண்டு. சென்னை எழும்பூரில், படையினரின் ஆண் பிள்ளைகளுக்கென அமைந்த அநாதை இல்லத்தின் மேற்பார்வையை 1789 இல் ஏற்றவர் அன்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார். நம்மவரின் பள்ளியொன்றிலே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்ட அவர், அதனைத் தம் இல்லத்திலும் புகுத்தினார். ஒரு மாணவனைக் கொண்டே மற்ற மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் வகுத்தார். திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை அறிந்த நமக்கு இதிலே வியப்பில்லை. 1797 இல் அவர் இதுபற்றி இலண்டனில் நூலொன்று வெளியிட, அது ‘மதராஸ் முறை’ என்னும் பெயரோடு இங்கிலாந்தெங்கும் பரவிற்று.

பெல் தம் பள்ளியிலே கறுப்புப் புத்தகம் ஒன்றை வைத்திருந்தார். மாணவர் செய்த குற்றங்கள் அதிற் பதியப்பட்டன. வாரந்தோறும் அது விரிக்கப்பட, குற்றஞ்சாட்டப்பட்டவனை அவனையொத்த மாணவரே யூரர் சபையாக அமர்ந்து விசாரித்தனர். மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இது பெரும் சனநாயகமாகவே தோன்றும். ஆனால் அந்தப் பையன்களிடம் கேட்கப்பட்டது ஒன்றே: இவன் விதியை மீறினானா இல்லையா? அவ்விதி நியாயமானதா என்பதை எவரும் அவர்களிடம் கேட்கவில்லை. கற்பித்தலிலே கூலியை மிச்சம்பிடித்த அதே முறை, காவலிலும் கூலியை மிச்சம்பிடித்தது, அவ்வளவே. ஆங்கிலப் பிரபுக்களின் கல்லூரிகளிலே வளர்ந்து, குடியேற்ற நாட்டுக் கல்லூரிகளுக்கும் கப்பலேறி வந்த மாணவ முதல்வர் முறையையும் இந்த இனத்திலேயே சேர்க்கலாம். தோளிலே பட்டயம் அணிந்தவனுக்கு அதிகாரம் மேலிருந்து வருகிறது. அவன் கணக்குச் சொல்ல வேண்டியதும் மேலிடத்துக்கே.

பிள்ளை காவலாளியாவது ஒன்று, சட்டமியற்றுபவனாவது வேறொன்று. இரண்டாவதை மெய்யாகவே முயன்று பார்த்தவர்கள் இருபதாம் நூற்றாண்டிலேதான் தோன்றினர். அமெரிக்கரான ஹோமர் லேன் 1913 இல் இங்கிலாந்தின் டோர்செட் பகுதியிலே, குற்றம் புரிந்த இளைஞரைக் கொண்டு அமைத்த ‘சிறிய பொதுநலவாயம்’ ஐந்தாண்டுகளே நிலைத்தது. அவரிடம் ஊக்கம் பெற்ற ஏ. எஸ். நீல் 1921 இல் தொடங்கிய சமர்ஹில் பள்ளியிலே, வாராந்தக் கூட்டத்தில் தலைமையாசிரியருக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கும் ஆளுக்கு ஒரு வாக்கே. போற்றத்தக்க முயற்சிதான். எனினும் அது கட்டணம் செலுத்த வல்லோரின் பிள்ளைகள் பயின்ற பள்ளி. ஏழைகளின் பிள்ளைகள், அதிலும் பெற்றோரை இழந்தவர்கள், தமக்குத் தாமே சட்டம் வகுத்த கதைக்கு நாம் போலந்து நாட்டின் தலைநகரான வார்சோவுக்குச் செல்லவேண்டும்.

வார்சோவின் குரோக்மல்னா வீதி வறிய யூத மக்கள் நெருங்கி வாழ்ந்த இடம். அவ்வீதியின் 92 ஆம் இலக்கக் கட்டிடத்திலே 1912 இல் யூத அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லம் திறக்கப்பட்டது. அதன் தலைவர் ஹென்றிக் கோல்ட்ஷ்மிட் என்னும் குழந்தை வைத்தியர். யானுஷ் கோர்ச்சாக் என்ற புனைபெயரிலேதான் உலகம் அவரை அறியும். நாளாந்த நிருவாகத்தின் பாரத்தைத் தாங்கியவர் ஸ்டெபானியா வில்சின்ஸ்கா என்ற பெண்மணி. வரலாறு இவரை ஓரத்தில் நிறுத்தியே பேசிவருவது முறையன்று. ஏறக்குறைய 100 பிள்ளைகள். சமையலறையிலும் படுக்கையறையிலும் மாடிப்படிகளிலும் அவர்களே முறைவைத்து வேலை செய்தனர். வேலை செய்பவனுக்குத்தான் விதி என்ன என்று கேட்கும் உரிமை கூர்மையாக எழுகிறது என்பதை நாம் இங்கே கவனித்துக்கொள்ளலாம்.

இல்லத்தின் இதயமாக விளங்கியது பிள்ளைகளின் நீதிமன்றம். ஒரு வாரத்திலே தன்மீது எவ்வித வழக்கும் இல்லாத பிள்ளைகளிலிருந்து திருவுளச்சீட்டு மூலம் ஐந்து நீதவான்கள் தெரிவாயினர். எந்தப் பிள்ளையும் எந்தப் பிள்ளைமீதும் வழக்கு வைக்கலாம். தன்மீதே தான் வழக்கு வைக்கவும் தடையில்லை. தீர்ப்புக்கு ஆதாரமான சட்டக்கோவையின் அமைப்பு விசித்திரமானது. 1 முதல் 99 வரையிலான விதிகள் அனைத்தும் விடுவிப்பன அல்லது மன்னிப்பன: அறியாமற் செய்தான், வருந்துகிறான், கோபத்திற் செய்தான், மற்றவரும் அப்படியே செய்கின்றனர், இனித் திருந்துவான் என்றெல்லாம் மன்னிப்புக்கு எத்தனை வாயில்கள் உண்டோ அத்தனையும் அங்கே திறந்திருந்தன. 100 ஆவது விதியிலேதான் முதன்முதலாகக் குற்றம் செய்தான் என்ற சொல் வருகிறது. பின்னர் நூறு நூறாகத் தாவி 1000 வரை செல்கின்றது. 500 என்றால் தீர்ப்பு பெயரோடு இல்லத்தின் பத்திரிகையில் வாசிக்கப்படும். 900 என்றால், யாரேனும் ஒருவர் பொறுப்பேற்க முன்வந்தாலன்றி இல்லத்தில் இடமில்லை. 1000 என்றால் வெளியேற்றம். அதிலும் மூன்று மாதங்களின் பின் திரும்பிவர விண்ணப்பிக்கலாம். அடி இல்லை, பட்டினி இல்லை, இருட்டறை இல்லை.

இச்சட்டக்கோவையை முதலில் எழுதியவர் கோர்ச்சாக்கே என்பதை மறைக்கவேண்டியதில்லை. அவரைப் புகழ்வோர் சிலர், பிள்ளைகளே அனைத்தையும் வகுத்தனர் என்று கூறுவது மிகை. உண்மை இன்னும் சுவையானது. ஒரு பெரியவர் எழுதிய சட்டம் எவ்வாறு பிள்ளைகளின் சட்டமாக மாறிற்று என்பதே இங்கு வரலாறு.

நீதிமன்றம் தொடங்கிச் சில காலத்துக்குள் அது சீர்குலையத் தொடங்கிற்று. சிலர் விளையாட்டுக்காக வழக்கு வைத்தனர். முரட்டுப் பிள்ளைகள் தீர்ப்பை எள்ளி நகையாடினர். பிரம்புக்கு அஞ்சிப் பழகியவனுக்கு வெறும் இலக்கம் என்ன செய்யும்? வழக்குக்கு அஞ்சியவர்களோ மன்றமே வேண்டாம் என்றனர். கோர்ச்சாக் மன்றத்தை நிறுத்திவைத்தார். வேறொருவராயின், பிள்ளைகளுக்குச் சுயாட்சி பொருந்தாது என்று அறிக்கை எழுதிவிட்டுப் பிரம்பைக் கையிலெடுத்திருப்பார். நாலு வாரங்களின் பின் மன்றம் மூன்று திருத்தங்களோடு மீண்டும் கூடிற்று. தீர்ப்பிலே திருப்தியற்றவர் ஒரு மாதத்தின் பின் மறுவிசாரணை கோரலாம் என்பது ஒன்று. சிக்கலான வழக்குகள் மன்றச் சபை என்ற தனி அமைப்பிடம் செல்லும் என்பது இரண்டாவது. பிள்ளைகள் பெரியவர்மீதும் வழக்கு வைக்கலாம் என்பது மூன்றாவது.

இந்த மூன்றாவது திருத்தத்திலேயே நாம் சற்றுத் தங்கவேண்டும். ஆறு மாத காலத்தில் ஐந்து முறை கோர்ச்சாக் தாமே எதிரியாக அந்த மன்றத்தின் முன் நின்றார். ஒரு பையனின் காதிலே அறைந்தமை, ஒருவனைப் படுக்கையறையிலிருந்து வெளியே தள்ளியமை, ஒருவனை மூலையில் நிறுத்தியமை, ஒரு நீதவானை அவமதித்தமை, ஒரு சிறுமியைத் திருடி என்று ஐயுற்றமை என்பன குற்றச்சாட்டுகள். ஐந்திலும் மன்னிக்கும் விதிகளே அவருக்குக் கிடைத்தன. 100 ஐ எட்டிய தீர்ப்பு ஒன்றேனும் இல்லை. எனினும் தம்மை நேர்மையான ஆசிரியராக ஆக்கியவை இவ்வழக்குகளே என்று பின்னர் அவர் எழுதினார். வைத்தியராகவும் எழுத்தாளராகவும் நாடறிந்த ஒருவர், பத்து வயதுப் பிள்ளை தம்மை விசாரிக்கும்போது பதில் சொல்லி நிற்பதை எண்ணிப் பாருங்கள். பெல்லின் கறுப்புப் புத்தகத்தில் அன்ட்ரூ பெல்லின் பெயர் ஏறுவதற்கு ஒரு வரியேனும் இருந்ததா?

மன்றச் சபையிலே ஆசிரியர் ஒருவர். இரகசிய வாக்கினால் மூன்று மாதத்துக்குத் தெரிவான பிள்ளைகள் இருவர். வழக்குகளை ஆராய்வதோடு, அனைவரையும் கட்டுப்படுத்தும் சட்டங்களையும் இச்சபை வரைந்தது. அச்சட்டங்களை ஏற்கவோ தள்ளவோ உரிமை பெற்றது 20 பிரதிநிதிகள் கொண்ட பிள்ளைகளின் பாராளுமன்றம். அதன் திட்டங்கள் எல்லாம் கடுமையானவை அல்ல. ஆண்டின் மிகக் குறுகிய பகலாகிய டிசம்பர் 22 ஆம் நாள், எழுந்திருக்க விரும்பாத எவரும் படுத்தே கிடக்கலாம். மிகக் குறுகிய இரவாகிய ஜூன் 22 ஆம் நாள், உறங்க விரும்பாதவர் உறங்கவேண்டியதில்லை. சிரிப்புக்கும் சட்டப் புத்தகத்தில் இடமுண்டு என்பதைப் பெரியவர்களின் பாராளுமன்றங்கள் இன்னமும் கண்டுபிடிக்கவில்லை.

வார்சோவிலே ஒரு வைத்தியர் செய்துகொண்டிருந்ததை, ஒரு நாட்டுக்கே உரிய சட்டமாக்க முனைந்தது அயல்நாட்டுப் புரட்சி அரசு. 1918 ஒக்டோபரில் வெளியான சோவியத் தொழிற் பாடசாலைப் பிரகடனம் தண்டனைகளையும் பரீட்சைகளையும் வீட்டுப்பாடத்தையும் ஒழித்தது; பாடசாலையை நடாத்தும் சபையிலே, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட மாணவர்க்கும் இடமளித்தது. பஞ்சமும் உள்நாட்டுப் போரும் வாட்டிய வேளையில், விறகும் கடதாசியும் அரிதாயிருந்த பள்ளிகளைப் பற்றி எழுதப்பட்ட சட்டம் இது. அதனை ஏட்டுக் கனவு என்று ஏளனம் செய்வோர், அத்தகைய கனவையேனும் கண்ட அரசுகள் எத்தனை என்று சொல்லட்டும்.

பொல்தாவாவுக்கு அருகே 1920 இல் அனாதைச் சிறார் குடியிருப்பைத் தொடங்கிய மக்கரென்கோவை நம் வாசகர் நன்கறிவர். அவரும் ஆரம்ப நாட்களில் ஒரு மாணவனை அடித்தார். அதைத் தம் நூலிலே ஒளிக்காமல் எழுதியும் வைத்தார். ஆயின் அவரை விசாரிக்க அங்கே மன்றம் இருக்கவில்லை. மறுபுறத்தில், அவருடைய படைத்தலைவர் சபையும் பொதுக்கூட்டமும் வயலையும் பட்டறையையும், பின்னர் கார்கோவ் நகரருகே சிறுவரைக் கொண்டு இயங்கிய புகைப்படக் கருவித் தொழிற்சாலையையும் சார்ந்து நின்றன. விதி உழைப்பிலிருந்து பிறந்தது. கோர்ச்சாக்கின் இல்லத்திலே பிள்ளைக்கு நீதி இருந்தது. வாழ்வதற்கான தொழில் இருக்கவில்லை. பதினான்கு வயதிலே அவர்கள் வெளியே சென்றபோது, அந்த மன்றத்தை அறியாத உலகம் அவர்களை எதிர்கொண்டது. இவ்விரு குறைகளையும் ஒருங்கே நோக்காதவர், இரண்டில் ஒன்றை வழிபடுவதோடு நின்றுவிடுவர்.

சோவியத் பாடசாலையின் பிற்கதை கசப்பானது. 1931 இல் கட்சியின் மத்தியக் குழு பழைய பாட ஒழுங்குக்குத் திரும்புமாறு பணித்தது. 1943 ஆகஸ்டில், போரின் நடுவே, ருஷ்யக் குடியரசின் மாணவர்க்கு 20 விதிகள் மேலிருந்து வந்தன. அதிபரினதும் ஆசிரியரினதும் கட்டளைக்கு மறுவார்த்தையின்றிக் கீழ்ப்படிதல் அவற்றுள் ஒன்று. நாற்சி படைகள் நாட்டின் நெஞ்சுவரை வந்துவிட்ட காலம் அது என்பது காரணமாகலாம். ஆயினும் போர் முடிந்தபின்னும் அந்த விதிகள் நீண்டகாலம் நிலைத்தன. பன்னிரண்டு வயது மாணவனைச் சபையிலே அமரச்செய்த அதே ஆட்சி, கால் நூற்றாண்டு கழித்து அவனை எழுந்து நின்று கீழ்ப்படியச் சொல்லிற்று. இதனைச் சொல்லத் தயங்குவது முற்போக்காளர்க்கு அழகன்று. பிள்ளைகளுக்கு வழங்கப்பட்ட உரிமையைக் கேட்காமலே திரும்பப் பெறமுடிந்ததென்றால், அது அவர்கள் கையிலே முழுமையாகச் சேர்ந்திருக்கவில்லை என்பதே பொருள்.

வார்சோவிலோ அதைப் பறித்தவர்கள் கொலைஞர். 1940 இறுதியில் இல்லம் யூதச் சேரியின் மதில்களுக்குள் தள்ளப்பட்டது. 1942 ஜூலை 18 ஆம் நாள், பசியால் மெலிந்த அப்பிள்ளைகள் ஒரு நாடகம் நடித்தனர். அது தாகூரின் ‘தபால் நிலையம்’; அறைக்குள் அடைபட்ட நோயாளிச் சிறுவன் அரசனின் கடிதத்துக்காகக் காத்திருக்கும் கதை. மூன்று வாரங்களும் செல்லவில்லை. ஆகஸ்ட் முதல் வாரத்திலே ஏறக்குறைய 200 பிள்ளைகளும், கோர்ச்சாக்கும், ஸ்டெபானியாவும், ஏனைய ஊழியரும் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஒருவரும் திரும்பவில்லை.

சிறுவர் உரிமைகளுக்கென உலக உடன்படிக்கை ஒன்று வேண்டும் என்று 1978 இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்மொழிந்த நாடு போலந்து. 1989 இல் நிறைவேறிய அவ்வுடன்படிக்கையின் 12 ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் எவ்விடயத்திலும் கருத்துக் கூறும் உரிமையைப் பிள்ளைக்கு அளிக்கிறது. இலங்கை 1991 இல் அதனை ஏற்றது.

ஆண்டுத் தொடக்கத்திலே, ‘நமது வகுப்பின் விதிகளை நாமே ஆக்குவோம்’ என்று கூறிப் பிள்ளைகளை எழுதச்செய்யும் ஆசிரியர்கள் இன்று பலர் உளர். நல்ல முயற்சியே. ஆனால் அந்தப் பட்டியல்களை வாசித்துப் பாருங்கள். சத்தம் போடமாட்டோம், வரிசையில் நிற்போம், ஆசிரியர் சொற்படி நடப்போம். எதை எழுதினால் ஆசிரியர் மகிழ்வார் என்பதைப் பிள்ளைகள் நன்றாக அறிவர். கொப்பிகளைத் திருத்தி ஒரு வாரத்துக்குள் திருப்பித்தர வேண்டும், வகுப்புக்கு நேரத்தோடு வரவேண்டும், எவரையும் தகப்பனின் தொழிலைச் சொல்லி ஏசக்கூடாது என்று பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து சொன்னால், அந்த வரிகள் கரும்பலகையில் ஏறுமா? ஏறினாலும், மறுநாட் காலை அங்கே இருக்குமா?