மருந்துக் கிடங்கில் எது மேலே, எது அடியில்?

1/ பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போயிருக்கீங்களா? பழைய ஃபேன், மிக்ஸி ஜார், கடிகாரம், செடி, துணின்னு குவிஞ்சு கிடக்கும். கிளறித் தேடி எடுக்கிறதுதான் அங்கே சுகமே. ஆனா மருந்தை அப்படிக் குவிச்சு வைக்க முடியுமா? தேடுற நேரத்தில் நோயாளியை இழந்துவிடுவோம். அடியில் கிடக்கும் மருந்து காலாவதியாகிவிடும்.

2/ எந்தக் கிடங்கிலும் இரண்டு தேவைகள் மோதும். குறைந்த இடத்தில் நிறைய அடைக்கணும். கேட்டதும் சட்டுனு எடுக்கணும். நெருக்கி அடுக்கினால் எடுக்க நேரமாகும். வழி விட்டு அடுக்கினால் இடம் போகும். ரோபோ வந்த பிறகும் இந்த இழுபறி தீரவில்லை. இதில் தமிழ்நாடு 30 வருஷம் முன்னாடியே ஒரு முடிவு எடுத்தது. அந்தக் கதைதான் இது.

3/ 1994-க்கு முன்னால் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தை ஒவ்வொரு இயக்ககமும் தனித்தனியாக வாங்கின. ஓரிடத்தில் மருந்து தேங்கும், இன்னோரிடத்தில் இருக்காது. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவானது. தொடக்க காலத்தில் அதை நடத்திய ஐ.ஏ.எஸ். அதிகாரி பூரணலிங்கம். அத்தியாவசிய மருந்துப் பட்டியல் ஒன்று, கொள்முதல் ஓரிடத்தில், மாவட்டங்களில் கிடங்குகள், கணக்குக்குக் கம்ப்யூட்டர். 1995-ல் வேலை ஆரம்பம்.

4/ இப்போ கவனிங்க. மாத்திரையை அட்டையில் கேட்டது கழகம். டப்பாவில் உதிரியாகக் கொட்டி வைத்தால் ஆயிரம் மாத்திரை கையளவு இடத்தில் அடங்கும். அதையே அட்டையாக்கினால் பல மடங்கு இடம் பிடிக்கும். தெரிந்தேதான் இடத்தை விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்குக் கிடைத்தது: ஈரம் படாத மாத்திரை, நொடியில் எண்ணும் வசதி, ஒவ்வொரு அட்டையிலும் தொகுதி எண், காலாவதித் தேதி. திருடி விற்க முடியாதபடி அரசு முத்திரை வேறு.

5/ வந்த சரக்கு நேராக அலமாரிக்குப் போகாது. முதலில் தனியாக நிறுத்தி வைப்பார்கள். மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறினால்தான் வெளியே போகும். அந்தத் தனி இடமும் 'வீண்' இடம்தான். ஆனா தரமில்லாத ஒரு தொகுதி மருந்து கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை போகாமல் தடுப்பது அந்த இடம்தான்.

6/ அடுத்தது பாஸ்புக். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று பாஸ்புக்கில் ஒதுக்கீடு. எடுக்க எடுக்கக் கழியும், பேங்க் கணக்கு மாதிரி. எங்கே எது வேகமா தீருது, எது தூங்குதுன்னு கிடங்குக்குத் தெரிந்துவிடும். சரக்கு எங்கே இருக்குன்னு தெரிவதே பாதி வேகம். பின்னாளில் கேரளாவும் ராஜஸ்தானும் இதே மாதிரியான கழகங்களை அமைத்தன.

7/ இனி இயந்திரங்கள். 1962-லேயே ஜெர்மனியில் பெர்டெல்ஸ்மன் நிறுவனத்துக்காக உயரமான தானியங்கிக் கிடங்கு வந்துவிட்டது. கிரேன் மேலே ஏறி எடுத்துத் தரும். 1990-களில் நார்வேயின் ஆட்டோஸ்டோர் நடுவில் இருக்கும் நடைபாதையையே ஒழித்தது. பெட்டி மேல் பெட்டியாக அடுக்கி, உச்சியில் ஓடும் ரோபோக்கள் தோண்டி எடுக்கும்.

8/ இதில் ஒரு அழகு இருக்கு. எடுத்த பெட்டி திரும்ப உச்சிக்கே போகும். அதனால் அடிக்கடி கேட்கும் பொருள் தானாக மேலே நிற்கும், கேட்காதது மெல்ல மெல்ல அடிக்கு இறங்கும். துணிக்கடைக்கு இது பிரமாதம். மருந்துக்கு?

9/ எம்.பி.பி.எஸ். படித்த எல்லோரும் சமூக மருத்துவத் தேர்வுக்கு இரண்டு பகுப்பு மனப்பாடம் செய்திருப்போம். ஏ-பி-சி என்பது செலவை வைத்து. வி-இ-டி என்பது அவசியத்தை வைத்து: இல்லாவிட்டால் உயிர் போகும், இல்லாவிட்டால் சிரமம், இருந்தால் நல்லது. பாராசிட்டமால் தினமும் ஆயிரக்கணக்கில் போகும். பாம்புக்கடி விஷமுறிவு மருந்து சில நாள் ஒன்றுகூடப் போகாது. மழைக்காலத்தில் ஏரியோரத் தெருக்களில் இருப்பவர்களைக் கேளுங்க, அது ஏன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கணும்னு சொல்வாங்க. அந்த மருந்துக்கான விஷத்தை இருளர் கூட்டுறவு சங்கம் எடுப்பதும் நம்ம ஈ.சி.ஆர். பக்கம் வடநெம்மேலியில்தான்.

10/ எத்தனை தடவை கேட்டார்கள் என்பது இயந்திரத்துக்குத் தெரியும். கேட்கும்போது கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது தெரியாது. அதை மனுஷன்தான் சொல்லித்தரணும். 1995-ல் சொல்லித்தந்தார்கள்: பட்டியலாக, அட்டையாக, பாஸ்புக்காக. நாளைக்கு அரசுக் கிடங்குக்கு ரோபோ வந்தால், வரட்டும், நல்லதுதான். ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: அடியில் இருக்கும் பெட்டியில் என்ன மருந்து, அதை அங்கே வைத்தது யார்?