சீன ஊசி மருத்துவம் நம் நாடு வந்த வரலாறு

ஒரு நாட்டில் விளைந்த சரக்கு மற்றொரு நாட்டுக்குச் செல்வது எளிது. மூட்டை கட்டி, எடை போட்டு, ரசீது எழுதி வண்டியில் ஏற்றிவிட்டால் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு நாட்டில் விளைந்த கல்வி அவ்வாறு செல்வதில்லை. ஒருவர் ஊர் விட்டு ஊர் சென்று, பிறர் முன்னே மாணவராய் அமர்ந்து, கண்ணால் கண்டு, கையால் பழகி மீண்டு வந்தால்தான் அக்கல்வி அவரோடு வந்து சேரும். சீன நாட்டு ஊசி மருத்துவம் பாரத நாட்டுக்கு வந்த வரலாறு இதற்கு நல்லதொரு சான்றாகும்.

இவ்வாண்டு மலருக்கு இப்பொருளை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சித்தூரிலும் திருப்பதியிலும் 'அக்குபங்சர்' என்றெழுதிய பலகைகளை இன்று காண்கிறோம். திருமலைப் படிகள் ஏறி இறங்கிய முழங்கால்களுக்கும், நாள் முழுதும் நாற்காலியில் வளைந்த இடுப்புக்கும் ஊசி குத்திக்கொள்வோர் நம் காலனிக் குடும்பங்களிலும் உளர். இது சீனருடையதா, நம் சித்தர்களுடையதா என்று கேட்கிறார்கள். இதனால் நோய் தீருமா என்றும் கேட்கிறார்கள். குத்துகிறவர் எங்கே, எவ்வளவு காலம் கற்றார் என்று கேட்பவர் மிகச் சிலரே. மூன்றாவது வினாவே முதலில் கேட்கத்தக்கது என்பதை இவ்வரலாறு காட்டும்.

தோற்றம்

அக்குபங்சர் ஊசி மருந்து ஏற்றும் ஊசியன்று. துளையில்லாத, மயிர் போன்ற மெல்லிய கம்பி அது. உடலில் 'சீ' என்னும் உயிராற்றல் சில தடங்களின் வழியே ஓடுகிறது என்பதும், அவ்வோட்டம் தடைப்பட்டால் நோய் வரும் என்பதும், தடத்தின் மேலுள்ள குறித்த புள்ளியில் ஊசியை ஊன்றினால் ஓட்டம் சீர்ப்படும் என்பதும் சீனரின் பழங்கொள்கை. இக்கொள்கையை விரித்துரைக்கும் மூல நூல் 'ஹுவாங்டி நெய்ஜிங்' என்பது. மஞ்சள் பேரரசரின் உள் மருத்துவ நூல் என்பது அதன் பொருள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அது தொகுக்கப்பெற்றது. கி.மு. 113-இல் இறந்த லியூ ஷெங் என்னும் சிற்றரசனின் கல்லறையை 1968-இல் அகழ்ந்தபோது பொன்னாலும் வெள்ளியாலும் ஆன மருத்துவ ஊசிகள் அங்கே கிடைத்தன.

ஊசியோடு சூடும் இம்மருத்துவத்தில் சேர்ந்தது. நம் மருக்கொழுந்து, மாசிபத்திரி ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் இலையை உலர்த்திப் பஞ்சாக்கி, கனலச் செய்து, புள்ளிகளின் மேல் வெம்மை காட்டுவர். இவையன்றி மூலிகைச் சரக்குகளும் உண்டு. 1596-இல் அச்சேறிய லீ ஷிஜென் என்பாரின் பெருநூல் 1892 சரக்குகளைப் பேசுகிறது.

கற்பிக்கும் முறையில் சீனர் காட்டிய கண்டிப்பு வியக்கத்தக்கது. கி.பி. 1027-இல் வாங் வெய்யி என்னும் அரண்மனை மருத்துவர் ஆளுயர வெண்கலப் பாவைகள் இரண்டை வார்ப்பித்தார். புள்ளிகள் உள்ள இடமெல்லாம் அவற்றில் துளைகள் இருந்தன. தேர்வு நாளில் பாவையின் மேல் மெழுகு பூசித் துளைகளை மறைத்து, உள்ளே நீரை நிரப்பி வைப்பார்களாம். மாணவன் குத்திய இடம் சரியானால் நீர் கசியும். தவறானால் ஊசி உள்ளே இறங்காது. நோயாளியின் மேனியைத் தொடுமுன் மாணவன் வெண்கலத்திடம் தேறியாக வேண்டும் என்பது அக்காலத்து ஏற்பாடு.

பழைய உறவு

சீனருக்கும் நமக்கும் இடையே மருத்துவப் பேச்சு புதிதன்று. கி.பி. 671-இல் புறப்பட்டு வந்து நாலந்தாவில் பல்லாண்டுகள் பயின்ற இத்சிங் என்னும் சீனத் துறவி, இந்நாட்டு மருத்துவத்தைப் பாராட்டி எழுதினார். அதே நூலில், ஊசியிலும் நாடி பார்ப்பதிலும் சீனத்தை விஞ்சிய நாடு நாவலந்தீவில் இல்லை என்றும் எழுதி வைத்தார். தமிழ் வணிகர் சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் சிவன் கோவில் எழுப்பியதையும், அங்கே 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருப்பதையும் நம்மில் பலர் அறிவர்.

போகர் சீனத்தோடு தொடர்புடையவர் என்பது சித்தர் மரபில் வழங்கும் செய்தி. நம் வர்மக் கலையிலும் உடற்புள்ளிகள் உண்டு. இவ்விரண்டையும் சேர்த்து வைத்து, சீன ஊசி நம்மிடமிருந்து போனதே என்று மேடைகளில் முழங்குவோர் உளர். கேட்கச் செவிக்கு இனிமைதான். ஆயினும் வர்மம் அடி, அமுக்கு, தடவுதல் ஆகியவற்றால் இயங்குவது. சீனமுறை ஊசியாலும் சூட்டாலும் இயங்குவது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று காட்டும் ஓலையோ கல்வெட்டோ நாம் கண்டதில்லை. பிறருடைய உழைப்பைப் பிறருடையது என்று ஒப்புவதால் தமிழின் பெருமை ஒரு குன்றிமணி அளவும் குறைந்துவிடாது.

தாழ்வும் மீட்சியும்

பிறந்த வீட்டிலேயே இக்கலை ஒருகால் புறக்கணிக்கப்பட்டது. 1822-இல் சீனப் பேரரசர் அரண்மனை மருத்துவக் கழகத்திலிருந்து ஊசித் துறையை நீக்க ஆணையிட்டார். 1929-இல் அந்நாட்டு அரசின் சுகாதாரக் குழு பழைய மருத்துவம் முழுவதையுமே ஒழிக்கத் தீர்மானம் செய்தது. நாடெங்குமிருந்து வைத்தியர்கள் அவ்வாண்டு மார்ச்சு 17-ஆம் நாள் ஷாங்காயில் கூடி எதிர்த்தமையால் அது நிறைவேறாமற் போயிற்று.

ஏறத்தாழ அதே காலத்தில் நம் பக்கமும் இவ்வினா எழுந்தது. 1911-இல் அமைந்த சித்தூர் மாவட்டம் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. திருப்பதியும் அதனுள் அடங்கியிருந்தது. சென்னை அரசு 1921-இல் உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைத்து, சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றின் நிலையை ஆராயச் செய்தது. அதன் பயனாகச் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றி, 1925 முதல் பாடம் நடந்தது. பழைய மருத்துவம் வாழவேண்டுமாயின் அதற்குப் பள்ளியும் பாடமும் தேர்வும் வேண்டும் என்பதை இரு நாடுகளும் தனித்தனியே உணர்ந்தன. சீனத்தில் 1956-இல் பீகிங், ஷாங்காய், கான்டன், செங்டு ஆகிய நான்கு நகரங்களில் சீன மருத்துவக் கல்லூரிகள் தொடங்கப்பெற்றன.

ஐவர் சென்றனர்

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 1937-இல் ஜப்பான் சீனத்தின் மேல் படையெடுத்தது. சீனத் தளபதி சூ தே மருத்துவ உதவி வேண்டி ஜவஹர்லால் நேருவுக்கு எழுதினார். 1938-இல் காங்கிரஸ் தலைவராயிருந்த சுபாஷ் சந்திரபோஸ் மக்களிடம் நிதி திரட்டினார். அடல், சோல்கர், கோட்னிஸ், பாசு, முகர்ஜி என்னும் ஐந்து டாக்டர்கள் அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் பம்பாயில் கப்பலேறினர்.

துவாரகாநாத் கோட்னிஸ் சோலாப்பூர்க்காரர். நம் ரேணிகுண்டா வழியே பம்பாய் செல்லும் வண்டிகள் நிற்கும் அதே சோலாப்பூர். போர்முனையில் இரவு பகலாக அறுவை மருத்துவம் செய்தார். பெத்யூன் பெயரால் அமைந்த மருத்துவமனைக்குத் தலைவரானார். குவோ சிங்லான் என்னும் சீனத் தாதியை மணந்தார். பிறந்த மகனுக்கு இந்தியா, சீனம் இரண்டையும் குறிக்கும் எழுத்துகளைச் சேர்த்து 'யின்ஹுவா' என்று பெயரிட்டனர். 1942 டிசம்பர் 9-ஆம் நாள், தம் 32-ஆம் வயதில், கோட்னிஸ் அங்கேயே காலமானார். சாந்தாராம் 1946-இல் எடுத்த இந்திப் படம் அவர் பெயரை நாடெங்கும் பரப்பியது.

ஐவரும் அன்று ஊசி கற்கச் செல்லவில்லை. மேனாட்டு மருத்துவம் கற்றுத் தேர்ந்தவர்களாய், உதவி செய்யவும் பிறர்க்குக் கற்பிக்கவும் சென்றார்கள். கல்கத்தாவைச் சேர்ந்த விஜய்குமார் பாசு மட்டும் 1943-இல் தாயகம் திரும்பிய பின்னும் சீனத்தை மறக்கவில்லை. 1958-இல் மீண்டும் அங்கே சென்றார். இம்முறை மாணவராகச் சென்றார். நாற்பதைக் கடந்தவர், பட்டம் பெற்ற டாக்டர், போர்க்களம் கண்டவர், முன்பு அந்நாட்டார்க்கு மருத்துவம் செய்தவர். அத்தகையவர் அந்நாட்டு ஆசிரியர் முன் அமர்ந்து, ஊசி பிடிக்கும் பாடத்தை முதலிலிருந்து கற்றார். 1959-இல் கல்கத்தா திரும்பி நோயாளிகளுக்குச் செய்யத் தொடங்கினார். நம் நாட்டில் இக்கலை முறையாக வேரூன்றியது அன்றுதான் எனலாம்.

வேர்விட்ட மூன்றாம் ஆண்டே புயல் வந்தது. 1962-இல் எல்லைப்போர் மூண்டது. சீனம் என்ற சொல்லே கசந்த அக்காலத்தில், சீனர் மருத்துவத்தைக் கைவிடாமல் காத்தவர் பாசு. 1970-களில் கோட்னிஸ் நினைவுக் குழு புத்துயிர் பெற்றது. இலவச மருத்துவமும் பயிற்சியும் பரவின. பஞ்சாபில் லூதியானாவில் கோட்னிஸ் பெயரால் அக்குபங்சர் மருத்துவமனை எழுந்தது. தெற்கே இலங்கையில் டாக்டர் அன்டன் ஜயசூரியா சீனம் சென்று பயின்று, கொழும்புத் தெற்கு அரசு மருத்துவமனையில் அக்குபங்சர் செய்தார். அவரிடம் கற்கப் பல நாட்டாரும் வந்தனர். பாசு 1986-இல் மறைந்தார்.

உலகம் என்ன சொல்கிறது?

1971-இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பீகிங்கில் குடல்வால் அறுவை நடந்தது. ஊசியாலேயே மயக்கி அறுத்தார்கள் என்று இன்றும் சொல்வார்கள். உண்மை அதுவன்று. வழக்கமான மரப்பு மருந்து கொடுத்தே அறுத்தார்கள். பின்னர் வந்த வயிற்று வேதனைக்குத்தான் ஊசி போட்டார்கள். அவர் எழுதிய கட்டுரையும், அடுத்த ஆண்டு நிக்ஸன் சீனம் சென்றதும் மேனாட்டாரின் ஆவலைத் தூண்டின. 1979-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் பீகிங்கில் கூடிய அறிஞர்கள், ஊசியால் பயன் பெறக்கூடியவை என 43 நோய்களைக் குறித்தனர். அப்பட்டியல் மருத்துவர்களின் அனுபவத்தைத் தழுவியது. சோதனைகளால் முடிவு செய்யப்பட்டதன்று.

சோதனைகள் பின்னர் வந்தன. ஜெர்மனியில் நாட்பட்ட இடுப்பு வலியுடைய 1162 பேரை மூன்று பகுதியாக்கி ஆராய்ந்து 2007-இல் முடிவு வெளியிட்டனர். முறைப்படி புள்ளியில் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 47.6 பேர் நலங்கண்டனர். புள்ளியல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 பேர். மாத்திரை, உடற்பயிற்சி முதலிய வழக்கமான மருத்துவம் பெற்றவர்களில் 27.4 பேர். ஊசியால் வலி தணிகிறது என்பதும், புள்ளியின் பெருமை நூல்கள் சொல்லுமளவுக்கு இல்லை என்பதும் இதிலிருந்து விளங்கும். இரண்டையும் ஒருசேர ஏற்பதே நேர்மை.

மூலிகையிலும் இப்பாடமே உண்டு. தூ யூயூ என்னும் சீன அம்மையார், மலேரியாவுக்கு மருந்து தேடுகையில், ஆயிரத்தறுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட நூலொன்றில் ஒரு செடியைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருப்பதைக் கண்டார். சூடேற்றினால் அதன் ஆற்றல் கெடும் போலும் என்று ஊகித்து, சூடு மிகாமல் சாறு எடுத்துச் சோதித்து வெற்றி கண்டார். 2015-இல் நோபல் பரிசு பெற்றார். பழைய ஏடு வழி காட்டியது. சோதனை அதை மருந்தாக்கியது.

நாம் செய்யத்தக்கது

மேற்கு வங்கம் 1996-இலும் மகாராஷ்டிரம் 2015-இலும் அக்குபங்சருக்கெனச் சட்டம் செய்தன. மத்திய அரசு 2003-இல் இதனை ஒரு சிகிச்சை முறையாகச் செய்ய இசைவளித்தது. 2019-இல் தனி மருத்துவ முறையாக ஒப்புக்கொண்டது. கற்கும் அளவைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வழிகாட்டியது. மருத்துவப் பட்டம் இல்லாதவர் இதனைத் தொழிலாகக் கொள்ள 2500 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்பது அதன் கருத்து. நாளைக்கு நான்கு மணி வீதம் ஞாயிறு ஒழிய அமர்ந்தால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் சான்றிதழ் பெற்றுப் பலகை மாட்டுவோரும் நாட்டில் உளர்.

நம் இரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன் ஒருவரைத் தண்டவாளத்தில் நிறுத்துமுன் பயிற்சி அளித்து, கண் சோதித்து, தேர்வு வைத்தே நிறுத்துகிறோம். அவர் கைப்பிழை வண்டியைக் கவிழ்க்கும். ஊசிப் புள்ளியைத் தொடுபவருக்கும் அதே கண்டிப்பு வேண்டாமா? மார்பில் ஆழக் குத்திய ஊசி நுரையீரலைத் துளைக்கக்கூடும். பிறருக்குக் குத்திய ஊசி மஞ்சட்காமாலையைக் கொண்டு வரக்கூடும்.

ஆகவே, நம் காலனித் தாய்மார்களும் பெரியவர்களும் ஊசி மருத்துவரிடம் செல்லுமுன் எங்கே கற்றீர், எத்தனை காலம் கற்றீர் என்று தயங்காமல் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் உறை பிரிக்கப்படாத புது ஊசிதானா என்று பார்க்க வேண்டும். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உண்டுவரும் மாத்திரையை நிறுத்தச் சொல்பவரை விட்டு விலக வேண்டும். மார்வலி, வாதம், விடாக் காய்ச்சல் என்றால் ஊசியை நாடிப் பொழுது போக்காமல், உடனே அருகிலுள்ள பெரிய மருத்துவமனையை அடைய வேண்டும். முதலுதவிக்குப் பின் வேண்டுமாயின் காட்பாடி வண்டியேறி வேலூருக்கும் செல்லலாம்.

நம் இளைஞர்க்கு ஒரு சொல். இக்கலையில் நாட்டமுடையோர் முதலில் முறையான மருத்துவக் கல்வி பெறுக; பின்னர் பாசுவைப் போல் கற்க நாணாமல் நல்லாசிரியரை நாடுக. பிழைக்க வந்த ஊரில் தெலுங்கை எழுத்துக் கூட்டிக் கற்று, இன்று அம்மொழியிலேயே வழக்கும் வாணிபமும் நடத்தும் குடும்பங்கள் நம்முடையவை. பிறரிடம் கற்பது இழிவன்று என்பதை நமக்கு எவரும் புதிதாய்ச் சொல்ல வேண்டியதில்லை.