பேகம் ருகையாவின் கனவும் ரயிலடியில் அமர்ந்த பெண்களும்

1905ஆம் ஆண்டு, சென்னையிலிருந்து வெளிவந்துகொண்டிருந்த ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ என்னும் ஆங்கில மாத இதழில் ஒரு சிறுகதை அச்சாயிற்று. ‘சுல்தானாவின் கனவு’ என்பது அதன் பெயர். இதழை நடத்தியவர் கமலா சத்தியநாதன் என்னும் கிறித்தவப் பெண்மணி. கதையை எழுதியவரோ பீகாரின் பாகல்பூரில், கோஷா முறையில் வாழ்ந்துவந்த ஓர் இளம் முஸ்லிம் பெண். பள்ளிக்கூடம் சென்று பயின்றவரல்லர். ஆயினும் அவர் எழுதிய அச்சிறுகதை இந்தியப் பெண்ணுரிமை எழுத்தின் தொடக்க நாள்களைப் பற்றிப் பேசுவோர் எவரும் தாண்டிச் செல்ல முடியாத ஒன்றாக இன்றளவும் நிற்கிறது. அது முதலில் நம் சென்னையில்தான் அச்சேறியது என்பதை நம்மில் பலர் அறியோம்.

அவர் பெயர் ருகையா சகாவத் ஹுசைன். வங்காளிகள் ‘ரொக்கேயா’ என்று ஒலிப்பர். 1880இல் ரங்பூர் மாவட்டத்துப் பைராபந்த் என்னும் ஊரில் ஒரு ஜமீன் குடும்பத்தில் பிறந்தார். அவ்வீட்டுப் பெண்மக்களுக்குக் குர்ஆனை ஓத அரபியும், ஒழுக்க நூல்களைப் படிக்க உருதுவும் போதும் என்பது தந்தையாரின் முடிவு. தாய்மொழியான வங்காளம் கூடாது. ஆங்கிலம் அறவே கூடாது. மூத்த சகோதரர் இப்ராஹீம் சாபிர், வீடு உறங்கிய பின்னர் விளக்கொளியில் தங்கைக்கு ஆங்கிலம் கற்பித்தார். தமக்கை கரீமுன்னிசா வங்காளம் கற்பித்தார். ஒரு பெண் படிப்பதற்கு உதவிய ஆண்களைப் பற்றியும் வரலாறு பேச வேண்டுமென்றால், இப்ராஹீமின் பெயரை முன்வரிசையில் எழுதலாம்.

அடுத்த பெயர் கணவருடையது. சகாவத் ஹுசைன் உருது பேசும் பீகாரி, டெபுடி மாஜிஸ்திரேட், மனைவியை இழந்தவர், ருகையாவைவிட வயதில் மிகவும் மூத்தவர். ஆயினும் மனைவியின் படிப்புக்குத் தடை போடாதவர். அவர் அலுவல் காரணமாக இரண்டு நாள் வெளியூர் சென்றிருந்தபோது, தனியே இருந்த ருகையா பொழுதுபோக்காக ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார். திரும்பி வந்த கணவர் நின்றவாறே முழுவதையும் படித்துவிட்டு, இது பயங்கரமான பழிவாங்கல் என்று சொன்னாராம். ருகையாவே பின்னாளில் நினைவுகூர்ந்த செய்தி இது. கணவர் கோபப்படவில்லை. கதை அச்சுக்குப் போயிற்று. 1908இல் தனி நூலாகவும் வந்தது.

கதை இதுதான். சுல்தானா என்னும் பெண் மாலைப்பொழுதில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, இந்தியப் பெண்களின் நிலையை எண்ணிக்கொண்டிருக்கிறாள். கண் அயர்ந்ததோ இல்லையோ, சாரா என்னும் தோழியை ஒத்த ஒருத்தி வந்து அவளை வெளியே அழைத்துச் செல்கிறாள். பட்டப்பகலில், முகத்திரையின்றி, தெருவில்! சுல்தானா கூசிக் குறுகுகிறாள். வழிப்போக்கர்களோ அவளைப் பார்த்து, ஆண்பிள்ளைபோல் வெட்கப்படுகிறாளே என்று நகைக்கிறார்கள். ஏனெனில் அது பெண்கள் நாடு. அங்கே ஆண்கள் வீட்டின் உட்கட்டில் அடைந்திருக்கிறார்கள். சமையலும் குழந்தை வளர்ப்பும் அவர்கள் பொறுப்பு. அடுக்களையில் கரியில்லை, புகையில்லை. கதிரவனின் வெப்பத்தில் உலை கொதிக்கிறது. வானிலிருந்து நீரைக் குழாய்வழி இறக்குகிறார்கள். மின்சாரத்தால் நிலம் உழப்படுகிறது. வானூர்தியில் பயணம் செய்கிறார்கள். ரைட் சகோதரர்கள் விண்ணில் எழும்பி இரண்டு ஆண்டுகூட ஆகாத காலத்தில், விமானத்தைக் கண்ணால் காணாத ஒரு பெண் இதை எழுதியிருக்கிறார். இன்று நம் வீட்டு மொட்டைமாடிகளில் சூரியத் தகடு பதிக்கும்போது அக்கதை நினைவுக்கு வராமல் இராது.

அந்நாட்டு ஆண்கள் எப்படி உட்கட்டுக்குப் போனார்கள் என்பதே கதையின் உயிர்நிலை. அரசியார் பெண்களுக்கென்று கல்வி நிலையங்களை நிறுவி, 21 வயதுக்கு முன் எப்பெண்ணுக்கும் திருமணம் கூடாதென்று சட்டம் செய்கிறார். பெண்களின் பல்கலைக்கழகங்கள் அறிவியல் ஆராய்ச்சியில் மூழ்கியிருக்க, ஆண்கள் படைபலத்தைப் பெருக்குவதிலேயே கருத்தாயிருந்து, பெண்களின் ஆராய்ச்சியை வெறும் கனவு என்று ஏளனம் செய்கிறார்கள். பிறகு ஒரு போர் மூள்கிறது. அண்டை நாட்டிலிருந்து தஞ்சம் புகுந்தவர்களைத் திருப்பி அனுப்ப அரசியார் மறுத்ததே காரணம். (அடைக்கலம் தந்தவரைக் கைவிடாத அந்த அறத்தை ஆசிரியர் சேர்த்தது தற்செயலன்று என்றே நாம் எண்ணுகிறோம்.) ஆண்படை தோற்கிறது. அப்போது பல்கலைக்கழகத் தலைவி ஒருவர், ஆண்கள் மானங்காக்க உட்கட்டுக்குச் செல்லட்டும், நாங்கள் களம் செல்கிறோம் என்கிறார். களைத்தும் காயமுற்றும் இருந்த ஆண்கள் மறுபேச்சின்றி உள்ளே போகிறார்கள். பெண்கள் சேமித்து வைத்திருந்த சூரியக் கதிர்களைப் பகைவர்மேல் திருப்ப, படை சிதறி ஓடுகிறது. போன ஆண்கள் திரும்பி வெளியே வரவேயில்லை. அதன்பின் நாட்டில் குற்றமில்லை, காவலருக்கு வேலையில்லை.

அலுவலகத்தில் ஆண்கள் செய்யும் வேலையைப் பற்றி ஒரு கேலி வருகிறது. நாள் ஒன்றுக்குப் பன்னிரண்டு சுருட்டுப் பிடிப்பவர் அதிலேயே ஆறு மணி நேரத்தைக் கழித்துவிடுகிறாராம். அதே வேலையைப் பெண்கள் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்களாம். மாஜிஸ்திரேட் கணவர் இவ்வரிகளையும் நின்றவாறேதான் படித்திருப்பார்!

ஆண்களை அடைத்து வைப்பதுதான் ருகையாவின் விருப்பமா? அல்ல. காரணமின்றி அடைக்கப்படுவது எப்படி இருக்கும் என்பதை ஆணே ஒரு மணி நேரம் உணரட்டும் என்று கண்ணாடியைத் திருப்பிப் பிடித்தார். தீங்கு செய்பவரை வெளியே விட்டு, தீங்குக்கு ஆளாகக் கூடியவரை உள்ளே பூட்டுவது என்ன நியாயம் என்று கதையில் சாரா கேட்கும் கேள்விக்குச் சுல்தானாவிடம் விடை இல்லை.

இதை ஏன் கதையாகச் சொன்னார்? முந்தைய ஆண்டு நடந்ததைத் தெரிந்துகொண்டால் விளங்கும். 1904இல் ‘நபநூர்’ என்னும் வங்காள இதழில் பெண்களின் தாழ்நிலை பற்றி அவர் எழுதிய கட்டுரை பெரும் எதிர்ப்பைக் கிளப்பிற்று. அக்கட்டுரை ‘மோதிசூர்’ என்னும் நூலில் சேர்க்கப்பட்டபோது, அதிலிருந்து ஐந்து பத்திகள் நீக்கப்பட்டிருந்தன. பெண்களை அடக்கி வைக்கவே ஆண்கள் சமய நூல்களை இயற்றிக்கொண்டனர் என்னும் கருத்து அப்பத்திகளில் இருந்தது. இதனை நாம் ஏற்பதற்கில்லை. வஹீயை நம்பும் எவரும் ஏற்க இயலாது. ஆனால் இருபத்து நான்கு வயதுப் பெண்ணொருத்தி அவ்வாறு எழுதும் நிலைக்கு எப்படி வந்தாள் என்று கேட்காமல் கடந்து செல்வதும் நேர்மையாகாது. எழுதப் படிக்கத் தடை, வெளியே செல்லத் தடை, தாய்மொழிக்கே தடை. ஒவ்வொரு தடைக்கும் மார்க்கத்தின் பெயரே முத்திரையாகக் குத்தப்பட்டிருந்தது. கல்வி தேடுவதைக் கடமையாக்கிய மார்க்கம் அது என்பதைத் தடை போட்டவர்கள் அவளிடம் சொல்லவில்லை. பிற்காலத்தில் ருகையா தாமே அதைக் கையில் எடுத்தார். ஆணுக்கும் பெண்ணுக்கும் கல்வியைக் கடமையாக்கியது இஸ்லாம். அதைப் பின்பற்றாதவர்கள் முஸ்லிம்களே என்று வாதாடினார்.

கட்டுரையில் வெட்டுப்பட்ட கோபம், கதையில் சிரிப்பாக மாறி எவர் கையிலும் சிக்காமல் வெளியேறிற்று. அக்காலப் பெண் எழுத்தாளர் சிலர் சிறுகதையை நாடியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறோம். கட்டுரைக்கு மறுப்பு எழுதலாம்; கனவு கண்டவளிடம் யார் வழக்காடுவது? ‘அறிவுக்கனி’ என்னும் பொருள்பட அவர் எழுதிய மற்றொரு கதையில், பெண்களுக்கு விலக்கப்பட்ட கனியின் மரம் பட்டுப்போகிறது. பெண்ணின் கை பட்ட பிறகே மீண்டும் தழைக்கிறது.

1909இல் சகாவத் ஹுசைன் காலமானார். பிறந்த இரு பெண்மக்களும் கைக்குழந்தைப் பருவத்திலேயே இறந்திருந்தனர். கணவர் பெண்கல்விக்கென்று ஒதுக்கி வைத்துச் சென்ற 10,000 ரூபாயைக் கொண்டு, அதே ஆண்டில் பாகல்பூரில் ஐந்து மாணவியருடன் பள்ளி தொடங்கினார். குடும்பப் பிணக்கால் அவ்வூரை விட்டு நீங்க நேர்ந்தது. 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவியருடன் அதே பள்ளியை மீண்டும் திறந்தார். சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளி இன்றும் அந்நகரில் அரசுப் பள்ளியாக நடந்துவருகிறது.

வீடு வீடாகச் சென்று, உங்கள் மகளை அனுப்புங்கள், கோஷாவுக்குக் குறை வராது என்று உறுதி கூறியே பிள்ளைகளைச் சேர்த்தார். தாமும் புர்கா அணிந்தார். புர்காவை ஆதரித்துக் கட்டுரையும் எழுதினார். மானம் காக்கும் ஆடை வேறு, மனிதரை அறைக்குள் பூட்டுவது வேறு என்பதில் அவர் தெளிவாயிருந்தார். பின்னதை ‘அபரோத்’, அதாவது அடைப்பு, என்று வேறு சொல்லாலேயே குறித்தார். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி, அவரை மார்க்க விரோதி என்று பழிப்பவர்களும், மார்க்கத்தைத் துறந்தவர் என்று புகழ்பவர்களும் இன்றும் உளர். இரு சாராரும் அவர் எழுதியதைப் படிக்கவில்லை.

1931இல் வந்த ‘அபரோத்பாசினி’ என்னும் நூல், தாம் கண்டும் கேட்டும் அறிந்த 47 சிறு நிகழ்ச்சிகளின் தொகுப்பு. சில பத்து வரிகளுக்குள் முடிந்துவிடும். அறிமுகமில்லாத பெண்களின் கண்ணில்கூடப் படக்கூடாது என்பது அவர் பிறந்த வீட்டு முறை. அதனால் வெளியூர்ப் பணிப்பெண்கள் வந்திருந்தபோது, ஐந்து வயதுச் சிறுமியாகிய தாம் நான்கு நாள் மாடிப் பரணில் ஒளிந்து கிடந்ததை ஒரு நிகழ்ச்சியில் சொல்கிறார். வேறொன்றில், ஹஜ்ஜுப் பயணம் புறப்பட்ட பெண்களைக் கல்கத்தா ரயிலடியில் உட்கார வைத்துக் கனத்த விரிப்பால் மூடியிருக்கிறார்கள். மூட்டை என்றெண்ணிய ரயில்வே ஊழியர் அதை அப்புறப்படுத்தச் சொல்லிக் காலால் உதைக்கிறார். இன்னொன்று படிப்போர் மனத்தை விட்டு நீங்காது. வண்டி மாறும்போது புர்கா கால் தடுக்கித் தண்டவாளத்தில் விழுகிறார் ஒரு மூதாட்டி. தூக்க வந்த ஆண்களை, பீவியைத் தொடாதீர்கள் என்று பணிப்பெண் தடுக்கிறாள். தனியே தூக்க அவளால் இயலவில்லை. காத்திருந்த வண்டி இறுதியில் புறப்பட்டுவிடுகிறது. உயிரைக் காப்பதற்காக விலக்கப்பட்டதையும் ஆகுமாக்கும் மார்க்கத்தைச் சேர்ந்த ஒருவர், ஒரு கை நீட்டுவதைத் தடுத்த வழக்கத்தால் மாண்டார்.

கடைசி நிகழ்ச்சி அவர் பள்ளியின் பேருந்தைப் பற்றியது. காற்றுப் புகாமல் அடைக்கப்பட்ட அவ்வண்டியை நடமாடும் இருட்டறைச் சிறை என்றார் ஓர் ஆங்கிலேய மாது. பிள்ளைகள் மயங்கி விழுந்தனர், வாந்தியெடுத்தனர். பலகைகளை எடுத்துவிட்டுத் திரை தொங்கவிட்டார்கள். உடனே ‘இஸ்லாமிய சகோதரர்’ என்று ஒப்பமிட்ட கடிதம் வந்தது: திரை காற்றில் அசைகிறது, சரிசெய்யாவிட்டால் உருதுப் பத்திரிகைகளில் எழுதுவோம் என்று. இருபுறமும் அடி வாங்கிய அந்தத் தலைமையாசிரியையின் களைப்பு அச்சிறு பகுதியில் அப்படியே தெரிகிறது.

1932 டிசம்பர் 9ஆம் நாள் விடியற்காலையில் பேகம் ருகையா வஃபாத்தானார். முந்தைய இரவு வரை பெண்ணுரிமை பற்றிய ஒரு கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தார், அது முற்றுப்பெறவில்லை.

அதே டிசம்பரில் லக்னோவில் ‘அங்காரே’ என்னும் உருதுக் கதைத்தொகுப்பு வெளிவந்தது. எழுதிய நால்வருள் ஒருவர் மட்டுமே பெண்: டாக்டர் ரஷீத் ஜஹான். அலிகரில் பெண்களுக்குப் பள்ளி கண்ட ஷேக் அப்துல்லாஹ், வஹீத் ஜஹான் பேகம் தம்பதியரின் மகள். அத்தொகுப்பின் சில கதைகள் ஈமானைப் புண்படுத்துவன. அவற்றுக்காக வாதாட நாம் வரவில்லை. ஆனால் ரஷீத் ஜஹானின் ‘தில்லி உலா’ மூன்று பக்கக் கதை. அதில் மார்க்கத்தை இழிக்கும் சொல் ஒன்றுமில்லை.

ஃபரீதாபாத்திலிருந்து முதன்முறை ரயிலேறித் தில்லி சென்று வந்த மல்கா பேகம், அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டி வைத்துத் தன் பயணக் கதையைச் சொல்கிறாள். தில்லியில் இறங்கியதும் கணவருக்கு ரயில்வேயில் பணியாற்றும் நண்பர் ஒருவர் எதிர்ப்படுகிறார். மனைவியை மூட்டைகளின்மேல் உட்கார வைத்துவிட்டுப் போனவர் போனவர்தாம். புர்காவுக்குள் வெந்து, பசித்து, உற்றுப் பார்க்கும் ஆடவர்களுக்கு அஞ்சி அவள் மணிக்கணக்காக அங்கேயே இருக்கிறாள். திரும்பி வந்த கணவர், தான் சாப்பிட்டாயிற்று, உனக்குப் பூரி வேண்டுமா என்று கேட்கிறார். வீட்டுக்கே போய்விடலாம், இந்தத் தில்லி போதும் என்கிறாள். உலா அவ்வளவுதான். கதையும் அவ்வளவுதான்.

1933 மார்ச்சில் ஐக்கிய மாகாண அரசு தொகுப்பைத் தடைசெய்தது. ரஷீத் ஜஹானுக்கு மிரட்டல்கள் வந்தன. அவர் மருத்துவத்தையும் எழுத்தையும் நிறுத்தவில்லை. தடையில் எல்லாக் கதைகளும் ஒன்றாகவே அடைபட்டுப் போயின. மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்த மல்கா பேகம் என்ன குற்றம் செய்தாள் என்று அன்று எவரும் பிரித்துப் பார்க்கவில்லை.