போஹோ துணியும் நம்ம வீட்டுப் பெட்டியும்

நம் கூட்டமைப்பின் ஆண்டு மலருக்குத் தையல் மையத்தின் சார்பில் ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். சேமிப்பு, சுழல் நிதி, வங்கிக் கடன் பற்றியெல்லாம் மற்ற அக்காக்கள் எழுதுவார்கள். நான் துணியைப் பற்றி எழுதுகிறேன். ஆர்டர் தாளில் இப்போது அடிக்கடி வருகிற ஒரு சொல், ‘போஹோ’. போஹோ பாவாடை, போஹோ டாப்ஸ், போஹோ பை என்று ஏஜென்ட் எழுதித் தருகிறார், நாமும் தைத்து அனுப்புகிறோம். அது என்ன சொல் என்று மையத்தில் கேட்டால் ஆளுக்கு ஒரு பதில். கம்பெனி பேரு என்றாள் ஒருத்தி. வெளிநாட்டுக்காரங்க விடுமுறைக்குப் போடற உடுப்பு என்றாள் இன்னொருத்தி. மூத்த அக்கா ஒருவர், “எங்க மாமியார் கட்டினதைத்தான் இப்ப வெட்டித் தைக்கிறோம், பேரு என்னவா இருந்தா என்ன” என்றார். அந்த மூன்றாவது பதிலில்தான் விஷயம் அதிகம் என்று எனக்குத் தோன்றியது. அதனால் தேடிப் படித்தேன்.

போஹோ என்பது ‘போஹீமியன்’ என்ற சொல்லின் சுருக்கம். போஹீமியா என்பது இன்றைய செக் நாட்டில் உள்ள ஒரு பகுதி. ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சென்று பிழைத்த ரோமா மக்கள் அங்கிருந்து வந்தவர்கள் என்று பிரான்சில் நினைத்துக்கொண்டு, அவர்களை அந்தப் பெயரால் அழைத்தார்கள். நினைத்தது தப்பு. ரோமா மக்களின் மூதாதையர் ஏறத்தாழ ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வடமேற்கு இந்தியாவிலிருந்து கிளம்பியவர்கள். அவர்கள் பேசும் மொழி இந்திக்கும் பஞ்சாபிக்கும் உறவு. 1971-ல் லண்டன் பக்கத்தில் கூடிய அவர்களுடைய உலக மாநாடு ஒரு கொடியை ஏற்றுக்கொண்டது. அதன் நடுவில் இருப்பது ஒரு சக்கரம்.

அகலமான பாவாடை, பூப்போட்ட துணி, தலைக்கட்டு, கழுத்து நிறைய மணி என்று அந்தப் பெண்கள் உடுத்தியதை ஐரோப்பியர் ஓவியமாக வரைந்து ரசித்தார்கள். அந்த மக்களை ஊருக்குள் மட்டும் தங்க விடவில்லை. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் அவர்களை லட்சக்கணக்கில் கொன்றார்கள். உடுப்பு பிடித்திருந்தது, உடுத்தியவர்கள் பிடிக்கவில்லை. இந்தக் கட்டுரையில் இது திரும்பத் திரும்ப வரும்.

1830-களில் பாரிசில் வாடகை கொடுக்கக் காசில்லாத எழுத்தாளர்களும் ஓவியர்களும் மலிவான வீடுகளில் கூட்டமாகக் குடியிருந்தார்கள். அவர்களையும் போஹீமியர் என்று கேலியாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அவர்களைப் பற்றி ஹென்றி முர்ஷே எழுதியது 1851-ல் புத்தகமானது. அதை வைத்து 1896-ல் புச்சினி இசை நாடகம் போட்டார். கேலிப் பெயர் அதற்குள் பெருமைப் பெயராகிவிட்டது. பணக்கார வீட்டுப் பிள்ளைகளும் அப்படி உடுத்த ஆசைப்பட்டார்கள். லண்டனில் இடுப்பை இறுக்கும் கச்சை வேண்டாம், தளர்வாக உடுத்துவோம் என்று கிளம்பிய பெண்கள் இருந்தார்கள். 1875-ல் அங்கே திறந்த லிபர்ட்டி கடையில் அவர்கள் தேடி வாங்கியவற்றில் இந்தியப் பட்டும் ஒன்று.

நம்ம பக்கத்துத் துணி அதற்கும் வெகு முன்னாலேயே ஐரோப்பாவுக்குப் போய்ப் பெரிய சண்டையையே கிளப்பியிருக்கிறது. பாட்டிமார் சீட்டித் துணி, சீட்டிப் பாவாடை என்பார்களே, அந்தப் பூப்போட்ட பருத்தித் துணிதான் அது. மசூலிப்பட்டினம், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் என்று நம் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து அது கப்பலேறியது. சாயவேரில் சிவப்பு, அவுரியில் நீலம். படிகாரம் போட்டுப் பிடிக்க வைத்த அந்தச் சிவப்பு எத்தனை தடவை துவைத்தாலும் போகவில்லை. துவைத்தால் போகாத சாயத்தை ஐரோப்பியர் அதுவரை பருத்தியில் பார்த்ததே இல்லை. வேலைக்காரப் பெண்ணும் எஜமானியும் ஒரே மாதிரி பூப்போட்ட துணி உடுத்துகிறார்களே என்று பெரிய மனிதர்கள் புலம்பினார்கள். கம்பளியும் பட்டும் நெய்தவர்களுக்கு வேலை போயிற்று.

பிரான்ஸ் 1686-ல் தடை போட்டது. அதை 1759-ல்தான் எடுத்தது. இங்கிலாந்து 1700-ல் இறக்குமதியைத் தடுத்துச் சட்டம் போட்டது. அதுவும் போதாமல் 1721-ல், அச்சடித்த பருத்தியை உடுத்தவே கூடாது என்று இன்னொரு சட்டம். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1719-ல், லண்டன் தெருவில் சீட்டி உடுத்திப் போன பெண்களை நெசவாளர்கள் விரட்டி விரட்டித் துணியைக் கிழித்தார்கள். மை ஊற்றினார்கள், திராவகம் ஊற்றினார்கள். வேலை போன நெசவாளியின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. நம் ஊரிலும் விசைத்தறி வந்தபோது கைத்தறி வீடுகளில் அந்த எரிச்சலைப் பார்த்திருக்கிறோம். ஆனால் இறக்குமதி செய்த கம்பெனிக்காரன் மேல் கை வைக்க முடியாதவர்கள், நடந்து போன பெண்ணின் பாவாடையில் கை வைத்தார்கள். அதை எப்படி ஒத்துக்கொள்வது? 1774-ல் அந்தச் சட்டம் நீங்கியபோது, இங்கிலாந்துக்காரர்களே பருத்தி நூற்று நெய்து அச்சடிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

இனி கட்டம் போட்ட துணிக்கு வருகிறேன். நம்ம வீட்டு ஆண்கள் கட்டும் கைலிக்கு அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையைச் சுற்றியும் வடக்கே சீராலா பக்கத்திலும் நெய்த கட்டத் துணி ‘மெட்ராஸ் கைக்குட்டை’ என்ற பெயரில் கடல் தாண்டியது. கைக்குட்டை என்றால் மூக்கு துடைக்கிற அளவு இல்லை, ஒரு கஜத்துக்கு ஒரு கஜம். தலையில் கட்டலாம், தோளில் போடலாம். கரீபியன் தீவுகளான மார்ட்டினிக், குவாடலூப், டொமினிக்கா, செயின்ட் லூசியா ஆகிய இடங்களில் ‘மெட்ராஸ்’ என்றால் இன்றைக்கும் துணி. அங்கே அது விழாக்கால உடை, பெருமைக்குரிய உடை. 1850-களில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து நம் ஆட்களைக் கரும்புத் தோட்டக் கூலிக்கு மார்ட்டினிக், குவாடலூப் தீவுகளுக்குக் கப்பலேற்றினார்கள். அவர்கள் போய் இறங்கியபோது அவர்கள் ஊர்த் துணி அங்கே முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது.

இந்தத் தலைக்கட்டில் ஒரு சம்பவம் உண்டு. நம் பெண்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. அமெரிக்காவின் லூசியானா அப்போது ஸ்பெயின் கையில் இருந்தது. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பினப் பெண்கள் அங்கே நன்றாக உடுத்தி, தலைமுடியை அலங்கரித்து நடமாடினார்கள். வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்குப் பொறுக்கவில்லை. 1786-ல் ஆளுநர் மீரோ ஒரு உத்தரவு போட்டார். கறுப்பினப் பெண்கள் முடியைத் துணியால் மூடிக் கட்ட வேண்டும், நகையோ இறகோ வைக்கக் கூடாது. அடையாளம் தெரிய வேண்டும், அடங்கி இருக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். பெண்கள் உத்தரவை மீறவில்லை. மூடினார்கள். சிவப்பும் மஞ்சளுமாகப் பளிச்சென்ற மெட்ராஸ் கட்டத் துணியை எடுத்து, உயரமாக, மடிப்பு மடிப்பாக, பார்க்கிறவர் திரும்பிப் பார்க்கும்படி கட்டினார்கள். கொஞ்ச காலத்தில் அதுவே நாகரிகம் ஆனது. வெள்ளைக்காரப் பெண்களும் தலைக்கட்டு கட்ட ஆரம்பித்தார்கள். இதைப் படித்த அன்றைக்கு மையத்தில் சொன்னேன். அரை மணி நேரம் மெஷின் ஓடவில்லை.

நைஜீரியாவில் கலபாரி என்று ஒரு இனத்தவர். அந்தப் பெண்கள் நம் கட்டத் துணியை வாங்கி அப்படியே உடுத்துவதில்லை. பிளேடால் குறிப்பிட்ட நூல்களை மட்டும் அறுத்து, உருவி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சும் நூலில் புதிதாக ஒரு வடிவம் வருகிறது. ‘பெலெடே பிட்டே’ என்று அதற்குப் பெயர், அறுத்த நூல் துணி என்று பொருள். நூல் கணக்குத் தெரியாமல் கை வைத்தால் துணியே போய்விடும். நம் மையத்தில் பிளேடு பிடிக்கிறவர்களுக்கு அதன் கஷ்டம் புரியும். அங்கே அந்தத் துணிக்குத் தாய்வீடு கலபாரிதான், சென்னை இல்லை. அது நியாயம்தான் என்று நினைக்கிறேன். எல்லாம் நம்மகிட்ட இருந்துதான் போச்சு என்று மார்தட்டிக்கொள்வதில் எனக்கு விருப்பம் கிடையாது. வாங்கியவர்களும் உழைத்திருக்கிறார்கள்.

உழைக்காமல் பேர் வாங்கிய கதையும் ஒன்று இருக்கிறது. 1958-ல் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர், கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் மெட்ராஸ் கட்டத் துணி வாங்கினார். நாயர் பின்னாளில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கியவர். ஒரு கஜம் ஒரு டாலர் என்று சொல்வார்கள். சாயம் போகும், குளிர்ந்த தண்ணீரில் பக்குவமாகத் துவைக்கணும் என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். அந்தத் துணி நியூயார்க்கில் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய்ச் சட்டையும் கோட்டுமாக விற்றது. துவைக்கிற பக்குவத்தை மட்டும் வாங்குகிறவர்களிடம் யாரும் சொல்லவில்லை. மெஷினில் போட்டார்கள், வெள்ளைச் சட்டையெல்லாம் சாயம் ஏறியது, வழக்குப் போடுவோம் என்று சத்தம். அப்போது விளம்பர உலகின் பெரிய ஆளான டேவிட் ஓகில்வி பக்கமிருந்து ஒரு யோசனை வந்ததாகச் சொல்வார்கள். சாயம் போவதைக் குறையாகச் சொல்லாதே, உத்தரவாதமாகச் சொல். ஒவ்வொரு துவைப்பிலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து புதுத் துணி மாதிரி ஆகும் என்று சொல். ‘பிளீடிங் மெட்ராஸ்’ என்று பேர் வைத்தார்கள், அதாவது சாயம் ஒழுகும் மெட்ராஸ். கல்லூரிப் பிள்ளைகள் போட்டி போட்டு வாங்கினார்கள்.

இருநூறு முந்நூறு வருஷத்துக்கு முன்னால் சாயம் போகாது என்பதற்காக விலை, 1960-களில் சாயம் போகும் என்பதற்காக விலை. இரண்டு தடவையும் நெய்தவர், சாயம் போட்டவர் பெயர் எந்த அட்டையிலும் இல்லை.

அதே 1960-களின் கடைசியில் ஹிப்பிகள் வந்தார்கள். வியட்நாம் போர் வேண்டாம், கோட்டும் டையும் வேண்டாம் என்ற பிள்ளைகள். 1968-ல் பீட்டில்ஸ் பாடகர்கள் ரிஷிகேஷுக்கு வந்த பிறகு, குர்தாவும் மெல்லிய பருத்தியும் கண்ணாடி வைத்த பையும் உலகம் முழுக்கப் பரவின. முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த சட்டை அவர்களுடைய அடையாளமே ஆனது. ஆப்பிரிக்காவிலும் ஜப்பானிலும்கூட முடிச்சுச் சாயம் தனித்தனியே உண்டு. நமக்கு அது மதுரைச் சுங்குடி. சௌராஷ்டிரப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போட்டது. 2005-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது கடையில் சுங்குடி என்று கிடைப்பதில் பெரும்பாலானது அச்சு. முடிச்சுப் போட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புள்ளியைத் தொட்டுப் பாருங்கள், கொஞ்சம் மேடாக, சுருங்கினாற்போல் இருக்கும். ஒரு புள்ளி போல இன்னொன்று இருக்காது.

நாம் ஏன் இதையெல்லாம் விட்டோம்? சுங்குடியும் கண்டாங்கியும் வயசானவங்க கட்டுறது, காட்டு வேலைக்குக் கட்டுறது என்று ஆயிற்று. குழு ஆரம்பித்த புதிதில் வங்கிக்குப் போகும்போது நைலக்ஸ் சேலைதான் கட்டினோம். பருத்தியில் போனால் கடன் கேட்க வந்தவள் மாதிரி தெரியும் என்று ஒரு பயம். (கடன் கேட்கத்தான் போனோம், அது வேறு விஷயம்.) இன்றைக்கு அதே கண்டாங்கியைச் சென்னைப் பெண்கள் தேடி வாங்குகிறார்கள். 2019-ல் அதற்கும் குறியீடு கிடைத்தாயிற்று.

தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கியில் லம்பாடிப் பெண்கள், மறந்துபோக இருந்த தங்கள் பூத்தையலை வயதான பெண்களிடமிருந்து திரும்பக் கற்றுக்கொண்டு, ‘பொர்கை’ என்ற பெயரிலேயே விற்கிறார்கள். அவர்கள் மொழியில் அதற்குப் பெருமை என்று அர்த்தம். நம் தமிழ்நாட்டு சுய உதவிக் குழு இயக்கமே 1989-ல் அந்தத் தருமபுரியில்தான் தொடங்கியது. நம் மையம் மதி கடைக்குத் தைக்கும் பாவாடையில் என்ன பெயர் போடுவது என்று மூன்று கூட்டம் பேசிவிட்டோம். போஹோ என்று போட்டால் சீக்கிரம் விற்கும் என்கிறார்கள் இளையவர்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, மாதக் கடைசியில் தவணை கட்ட வேண்டியவர்கள் அவர்கள். சுங்குடிப் பாவாடை என்று பெரிதாகவும் போஹோ என்று சின்னதாகவும் போடலாம், சாயம் போட்டவர் ஊரையும் சேர்த்துப் போடலாம் என்பது என் கட்சி.

விற்கிறது இருக்கட்டும், நாமும் உடுத்தலாமே. அதற்குத் தனியாகத் துணி வாங்க வேண்டாம், பெட்டியைத் திறந்தால் போதும். ஒரு பழைய சுங்குடிச் சேலையில் மூன்று அடுக்குப் பாவாடை ஒன்று வரும், மிச்சத்தில் சின்னப் பிள்ளைக்கும் ஒன்று வரும். ஒவ்வொரு அடுக்கும் மேல் அடுக்கைப் போல ஒன்றரை மடங்கு நீளம் எடுத்துச் சுருக்கம் வையுங்கள். பாவாடை பூவும் புள்ளியுமாக இருந்தால் மேல் சட்டை ஒரே நிறமாக இருக்கட்டும். கட்டக் கைலித் துணியில் சட்டை தைத்தால் பாவாடையை வெறுமையாக விடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் திருவிழாக் கடை மாதிரி ஆகிவிடும். வெட்டுத் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், ஒட்டுப் போட்டால் பை ஆகும். படத்தில் காட்டுகிற அகலக் கையும் தொங்கும் குஞ்சமும் மெஷினில் உட்காருகிறவர்களுக்கு ஆகாது, சக்கரம் இழுத்துவிடும். ஸ்கூட்டியில் போகிறவர்கள் பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே நிறுத்திக்கொள்ளுங்கள். கண்டாங்கி கட்டிய ஆச்சிமாரும் கொஞ்சம் ஏற்றித்தான் கட்டினார்கள்.

புதுத் துணியானால் வெட்டுவதற்கு முன்னால் ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காயவையுங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும். ஒரு ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் முதல் நாலைந்து தடவை தனியாகத் துவைக்க வேண்டும். விற்கிற துணியானால் அதையும் அட்டையில் தமிழில் எழுதி வையுங்கள்.