ஒரே நதி, இரண்டு நியாயம்

குடகிலே பிறக்கும் காவிரி மேட்டூரைக் கடந்து எங்கள் மோகனூருக்கு வருகிறாள். நதி ஒன்றுதான், துப்பாக்கிக்குச் சட்டம் மட்டும் வேறு. நாமக்கல் பக்கத்துக் குடியானவர் கடலைக்காட்டுக் காவலுக்குத் துப்பாக்கி வேண்டுமென்றால், லைசென்ஸுக்காகக் கலெக்டர் கச்சேரிப் படி ஏறவேண்டும். குடகர் வீட்டிலோ ஆண் குழந்தை பிறந்தால், வானை நோக்கி ஒரு வேட்டுப் போடுவது வழக்கம்!

1857 கிளர்ச்சிக்குப் பிறகு நாட்டாரின் ஆயுதங்களைப் பறித்த வெள்ளையர், விசுவாசிகளென்று 1861-இல் குடகருக்கு விலக்களித்தார்கள். 1878-ஆம் வருஷத்துச் சட்டம் போய், சுதந்திர இந்தியாவின் 1959-ஆம் வருஷத்துச் சட்டம் வந்தது. விலக்கு போகவில்லை, 2019-இல் மறுபடி 2029 வரை நீட்டப்பட்டது.

குடகர்மேல் எனக்குப் பொறாமையில்லை. ஆனால், யாரை நம்பலாமென்று வெள்ளைக்காரன் போட்ட கணக்கை நாம் இன்னும் திருத்தவில்லையே!