மந்திரவாதிக்குக் கூட்டுவட்டி, போர்வீரனுக்குத் தனிவட்டி

டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டம் இப்போது நம்ம பிள்ளைகளிடமும் வந்துவிட்டது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, என்ன செய்யப் போகிறோம் என்று வாயால் சொல்லிப் பகடை உருட்டுவார்கள். புதுசாக ஆரம்பிக்கிற குழுவில் சீக்கிரமே ஒரு சண்டை வரும்: "அவன் கேரக்டருக்கு மட்டும் ஏன் இவ்வளவு பவர்?" இந்தச் சண்டைக்கு வயசு ஐம்பதுக்கு மேலே. பி.காம். படித்தவனுக்கு அதில் நல்ல கணக்கும் இருக்கிறது.

1974-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரிலிருந்து இது வெளிவந்தது. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன். ஒரு பெட்டி, உள்ளே மூன்று சிறு புத்தகங்கள். முதல் பதிப்பு ஆயிரம் பிரதிதான். பாத்திர வகையும் மூன்றே: போர்வீரன், மந்திரவாதி, பூசாரி.

முதல் லெவல் மந்திரவாதி பரிதாபமான ஜீவன். கவசம் போடக்கூடாது, கத்தி என்றால் சின்னக் குத்துவாள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம், சொன்னதும் மறந்து போகும். ஆனால் ஐந்தாம் லெவலில் தீப்பந்து மந்திரம் வந்துவிடும். அதன் சேதம் லெவலுக்கு ஒரு பகடை, அதாவது ஐந்து பகடை, சுற்றி நிற்கிற அத்தனை எதிரிகளுக்கும். லெவல் ஏற ஏற மந்திரங்களின் எண்ணிக்கையும் கூடும், ஒவ்வொன்றின் வலுவும் கூடும். போர்வீரன் ஒரே சீராகத்தான் ஏறுவான். நம்ம பாஷையில் அவனுக்குத் தனிவட்டி, இவனுக்குக் கூட்டுவட்டி.

இது எழுதியவர்களுக்குத் தெரியாமல் இல்லை. போர்வீரன் இரண்டாம் லெவலுக்குப் போக 2000 அனுபவப் புள்ளி போதும், மந்திரவாதிக்கு 2500 வேண்டும். மந்திர வாள்களும் போர்வீரன் பக்கம்தான். ஆனால் பட்டியலை மேலே வரை படித்தால் வேடிக்கை. 50,000 புள்ளி சேர்ந்தபோது மந்திரவாதி ஏழாம் லெவலில் இருப்பான், போர்வீரன் ஆறிலேயே நிற்பான்! அந்தக் காலத்துச் சமாதானம் இதுதான்: ஆரம்பத்தில் போர்வீரன் இவனைக் காப்பாற்றட்டும், பின்னால் இவன் அவனைக் காப்பாற்றுவான். வருஷக்கணக்கில் ஆடுகிற குழுவுக்கு இது நியாயம். நாலு வாரம் ஆடிப் பார்க்க வந்த பிள்ளைக்கு அந்தப் "பின்னால்" வரவே வராது.

அதனால் பின்னால் வந்தவர்கள் மாற்றிப் பார்த்தார்கள். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லா வகைக்கும் ஒரே புள்ளிப் பட்டியல் கொடுத்தது. படிகள் சமமாயின, மந்திரவாதியின் கூட்டுவட்டி அப்படியே இருந்தது. 2008-ன் நான்காம் பதிப்பு ஒரேயடியாகப் போய், எல்லோருக்கும் ஒரே மாதிரி சக்திகளைப் பங்கு போட்டது: எப்போதும் செய்யக்கூடியவை, சண்டைக்கு ஒரு முறை, நாளுக்கு ஒரு முறை. கணக்கு டேலி ஆனது, ஆனால் எந்தப் பாத்திரம் எடுத்தாலும் ஒரே ருசி என்று பலர் முகம் சுளித்தார்கள். 2014-ன் ஐந்தாம் பதிப்பு நடுவழிக்கு வந்தது. மந்திரவாதிக்குத் தீராத சின்ன மந்திரங்கள் உண்டு, போர்வீரனை எளிமையாகவும் ஆடலாம். திறமைக்கான கூடுதல் எண் முதல் லெவலில் 2, இருபதாம் லெவலிலும் 6தான். புதுசாக வந்தவன் அடிப்பதும் படும்.

இத்தனை பதிப்பிலும் ஆதியிலிருந்த ஒரு நல்ல குணம் பலர் கண்ணில் படுவதில்லை. ஆரம்பப் படிகள் ஏறக்குறைய இரட்டிப்பாகப் போகும்: 2000, 4000, 8000, 16,000, 32,000, 64,000. ஆறாம் லெவல் போர்வீரன் ஏழுக்குப் போக இன்னும் 32,000 சேர்க்க வேண்டும். அதே பங்கு சமமாகக் கிடைத்தால், பூஜ்யத்தில் சேர்ந்த புது ஆள் அதற்குள் ஆறாம் லெவலுக்கு வந்திருப்பான். தாமதமாக வந்தவனுக்கு யாரும் சலுகை கொடுக்க வேண்டாம், பங்கைச் சமமாகப் பிரித்தால் போதும்.

எங்கள் குடியிருப்பில் இது உபயோகப்பட்டது. பிள்ளைகள் 6500 புள்ளியோடு ஐந்தாம் லெவலைத் தொட்டிருந்த நேரம், அப்பாவின் டிரான்ஸ்ஃபரில் வந்த ஒரு பெண் சேர விரும்பினாள். "நாங்க ஆறு மாசம் ஆடிச் சேர்த்தது" என்று ஒரு கட்சி. "ஒண்ணாம் லெவல்ல விட்டா ஒரே அடியில செத்துடுவா" என்று இன்னொரு கட்சி. கதை நடத்துகிற என் மகள் என்னிடம் பட்டியலை நீட்டினாள். ஐந்தாம் பதிப்பில் ஆறாம் லெவலுக்கு 14,000, அதாவது இன்னும் 7500. மூன்றாம் லெவலில், 900 புள்ளியோடு, அந்தப் பெண்ணைச் சேர்த்தால் மற்றவர்கள் ஆறுக்குப் போகும்போது அவளிடம் 8400 இருக்கும், ஐந்தாம் லெவல். இரண்டு கட்சியும் ஒத்துக்கொண்டது.

மூன்று நாலு ஊர் மாறிய பிள்ளைகளுக்கு நடுவில் சேர்வது பழகிய விஷயம்தான். அந்தப் பெண் மந்திரவாதியை எடுத்திருக்கிறாள். போர்வீரர்கள் முன்னால் நிற்கிறார்கள். தீப்பந்துக்கு இன்னும் இரண்டு லெவல் பாக்கி :-)