திண்டுக்கல் மலைக்கோட்டையும் மதுரையின் காணாமல்போன மதிலும்

"உங்க ஊர்க் கோட்டை எங்கேப்பா?" என்று ஒரு மதுரைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் திருமலை நாயக்கர் மகாலுக்கு வழி சொல்வார். மகால் அரண்மனைங்க, கோட்டை இல்லை! மதுரைக்கு நிஜமாகவே ஒரு கோட்டை இருந்தது. மதில், அகழி, கொத்தளம் எல்லாம் இருந்தது. 19-ம் நூற்றாண்டின் முதல் பாதியில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் அதை இடிக்கச் சொல்லி, அகழியைத் தூர்த்து, அந்த இடத்தில் தெருக்கள் போட்டார். நாம் தினமும் டிராபிக்கில் மாட்டிக்கொண்டு திட்டுகிற வெளி வீதிகளும், மாரட் வீதியும், பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்படி வந்தவைதான். மாரட் என்பவர் சர்வேயர், பெருமாள் வேலையை மேற்பார்வை பார்த்த மேஸ்திரி. இடித்தவர்களுக்குத் தெரு கிடைத்தது, இடிக்கச் சொன்னவருக்கு விளக்குத்தூண் கிடைத்தது :-) பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் மேற்கு வாசலின் ஒரு துண்டு மட்டும் மிச்சம் நிற்கிறது.

இதை இரண்டாம் ஆண்டில் படித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மதுரையை ஆண்டவர்கள் ஊரைச் சுற்றி மதில் கட்டினார்கள், சரி. எதிரி அந்த மதில் வரைக்கும் வருகிற வரை சும்மாவா உட்கார்ந்திருப்பார்கள்? அதற்கான பதிலைத் தேடித்தான் போன மாதம் நானும் ஒரு நண்பனும் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினோம். பதில் 60 கிலோமீட்டர் தள்ளி, திண்டுக்கல்லில், ஒரு பாறை மேல் இருக்கிறது.

திண்டு மாதிரி ஒரே கல்லாகக் கிடப்பதால் திண்டுக்கல் என்று சொல்வார்கள். ரயிலில் போகும்போது ஜன்னல் வழியாக எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஏறியவர்கள் குறைவு. "அங்கே என்னடா இருக்கு, மொட்டைப் பாறை, இறங்கி வந்தா பிரியாணி" என்றுதான் என் நண்பனே சொன்னான். அவன் வந்ததே பிரியாணிக்காகத்தான்.

எனக்கு இது முதல் தடவை இல்லை. எட்டாம் வகுப்பில் பள்ளிச் சுற்றுலாவுக்கு இங்கே வந்திருக்கிறேன். அந்த வயதில் என்ன தோன்றும்? ஒரு கல்லை எடுத்து உள்ளே ஓர் அறைச் சுவரில் என் பெயரையும் இனிஷியலையும் செதுக்கிவிட்டு வந்தேன். இதை எந்த நண்பனிடமும் சொன்னதில்லை. இப்போது சரித்திரம் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அதே படிகளில் ஏறும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

பாறையிலேயே வெட்டிய அகலமான படிகள். பீரங்கியை இழுத்துக்கொண்டு ஏறலாம் போலிருக்கிறது. மேலே போனதும் முதலில் ஏமாற்றம். சினிமாவில் வருகிற மாதிரி தர்பார் மண்டபம், அந்தப்புரம் எதுவும் கிடையாது. பாறை விளிம்பை ஒட்டி மதில், அதில் பீரங்கி நீட்ட இடைவெளிகள், வீரர்கள் தங்கவும் மருந்தும் குண்டும் வைக்கவும் அறைகள், மழைத் தண்ணீர் தேங்கும் சுனைகள். உச்சியில் ஒரு கோயில், உள்ளே சாமி இல்லை. அபிராமி அம்மனும் காளஹஸ்தீஸ்வரரும் கீழே ஊருக்குள் இருக்கும் கோயிலில் இருக்கிறார்கள்.

ராஜா வாழ்ந்த இடம் இல்லை இது. காவல் இருந்த இடம். எதைக் காவல் காத்தார்கள் என்பது கொத்தளத்தில் ஏறி நின்றால் புத்தகம் இல்லாமலே புரிகிறது. ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் கொடைக்கானலைச் சுமந்த பழனி மலைத்தொடர். நடுவில் சமவெளி ஒரு வாய்க்கால் மாதிரி தெற்கே மதுரையை நோக்கிப் போகிறது. இன்றைக்கும் ரயில் பாதையும் நான்கு வழிச்சாலையும் அந்த இடைவெளியில்தான் போகின்றன. மைசூரிலிருந்தோ கொங்கு நாட்டிலிருந்தோ மதுரைக்குப் படை கொண்டுவருகிறவன் இந்தப் பாறையைக் கவனிக்காமல் தாண்ட முடியாது. நத்தம் வழியாகச் சுற்றிப் போகலாம், அது காட்டுப் பாதை.

முத்துக் கிருஷ்ணப்ப நாயக்கர் இங்கே 1605-ல் கோட்டை கட்டியது இதற்காகத்தான். பிறகு திருமலை நாயக்கர் பலப்படுத்தினார். அவருடைய கடைசிக் காலத்தில்தான் மூக்கறுப்புப் போர் வந்தது. மைசூர்ப் படை வழியில் அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்துக்கொண்டே மதுரை வரை வந்தது. சேதுபதி படை அனுப்பி உதவ, மைசூர்க்காரர்கள் திரும்ப விரட்டப்பட்டார்கள். மதுரைப் படை பின்னாலேயே போய் அங்கேயும் மூக்குகளை அறுத்தது. (நம் ஆட்கள் அறுத்ததை மட்டும் வீரம் என்று சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.)

இதுவரை கோட்டை மதுரையின் கதவு. அதன் பிறகுதான் கதை தலைகீழாகிறது.

1736-ல் நாயக்கர் ஆட்சி முடிந்தது. 1740-களில் திண்டுக்கல் மைசூர் கைக்குப் போனது. 1755-ல் மைசூர் அரசு இங்கே ஒரு பௌஜ்தாரை அனுப்பியது. எழுதப் படிக்கத் தெரியாத, முப்பது வயதைத் தாண்டிய ஒரு சிப்பாய்த் தலைவர். பெயர் ஹைதர் அலி. வேலை, அடங்காத பாளையக்காரர்களிடம் வரி வசூலிப்பது. அவர் அதோடு நிற்கவில்லை. பிரெஞ்சுக்காரர்களை வரவழைத்து இங்கே ஆயுதசாலை அமைத்தார், பீரங்கிப் படை சேர்த்தார், பணமும் சேர்த்தார். ஆறே வருடத்தில், 1761-ல், மைசூரே அவர் கையில். வெள்ளைக்காரனைத் தூங்கவிடாத ஹைதரைப் பற்றி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பேசுவார்கள், பெங்களூரில் பேசுவார்கள். அவர் பயிற்சி எடுத்த பட்டறை நம் பக்கத்து ஊர்ப் பாறை என்பது நமக்கே தெரியாது.

1757-ல் ஹைதர் திண்டுக்கல்லிலிருந்து கிளம்பி சோழவந்தானைப் பிடித்து, மதுரை மதில் வரை கொள்ளையடித்தார். மதுரையைக் காப்பதற்காகக் கட்டிய கோட்டையிலிருந்தே மதுரைக்குப் படை வருகிறது! நத்தம் கணவாய் பக்கம் அவரைத் தோற்கடித்துத் திருப்பி அனுப்பியவர் கம்பெனி சிப்பாய்களின் தளபதி யூசுப் கான், அதாவது நம் மருதநாயகம். அதே யூசுப் கானை அதே கம்பெனியும் நவாபும் 1764-ல் மதுரையில் தூக்கில் போட்டார்கள். சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கமான இடம் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு வேலு நாச்சியார் தஞ்சம் புகுந்ததும் இந்தப் பக்கம்தான், விருப்பாச்சி பாளையத்தில். எட்டு வருடம் காத்திருந்து, ஹைதரின் உதவியோடு 1780-ல் சிவகங்கையை மீட்டார். மதுரைக்குப் பகையான கோட்டை சிவகங்கைக்குத் துணையானது. அதனால் "இது நாயக்கர் கோட்டையா, திப்பு கோட்டையா?" என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. நானும் நண்பனும்கூடப் படியில் உட்கார்ந்து அரை மணி நேரம் அதைத்தான் போட்டோம்.

1783-ல் வெள்ளையர்கள் பிடித்தார்கள், 1784 மங்களூர் உடன்படிக்கைப்படி திருப்பிக் கொடுத்தார்கள். 1790 ஆகஸ்டில் மறுபடி வந்தார்கள், கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தலைமையில். மேலே இருந்தவர்கள் ஏறக்குறைய 800 பேர். இரண்டு நாள் பீரங்கி அடித்தும் மதிலில் சரியான உடைப்பு விழவில்லை. கம்பெனியிடம் குண்டு தீர்ந்துகொண்டே வந்தது. அவசரத்தில் 21-ம் தேதி மாலை ஏறிப் பார்த்தார்கள், அடி வாங்கி இறங்கினார்கள். ஆனால் அன்று இரவே கோட்டைக்குள் இருந்தவர்களில் பலர் நழுவிவிட்டார்கள். விடிந்ததும் சரணடைந்தது கோட்டை. 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திண்டுக்கல் முறைப்படி கம்பெனிக்குப் போனது. வேலு நாச்சியாருக்கு இடம் கொடுத்த விருப்பாச்சி கோபால் நாயக்கர் 1801-ல் கிளர்ச்சி செய்து பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். ஊருக்குள் இருக்கும் கோபாலசமுத்திரம் குளத்தோடு அவர் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள்.

பிறகு இங்கே சண்டைக்கு வேலையில்லை. மதுரை மதில் ஊர் வளர இடைஞ்சல் என்று போனது. இந்தப் பாறை யாருக்கும் இடைஞ்சலாக இல்லை, அதனால் தப்பித்தது.

என் பெயரைத் தேடினேன். சுவர் முழுக்க இதயமும் அம்பும், ரசிகர் மன்றமும், தேதிகளும். கால் மணி நேரம் ஆனது. கிடைத்தது. இனிஷியலில் ஒரு புள்ளியைக்கூட விடாமல் செதுக்கியிருக்கிறேன், மெல்லிய செங்கல் மேல் பூசிய பழைய காரையைப் பெயர்த்து. நண்பன் பார்த்துவிட்டான். கிண்டல் செய்வான் என்று நினைத்தேன், ஒன்றும் சொல்லவில்லை. விரலால் தடவிப் பார்த்தேன், அழிக்க வழியில்லை. அழிக்கப் போனால் இன்னும் கொஞ்சம் காரைதான் உதிரும்.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் பாறை சுடுகிறது. கீழே டிக்கெட் வாங்கும்போதே தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே கடை இல்லை. மதில் ஓரமாக நடந்து தெற்கு மூலைக்குப் போய், சிறுமலைக்கும் பழனி மலைக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியைப் பாருங்கள். நாங்கள் நின்றபோது மதுரைப் பக்கம் ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது. பிரியாணி சாப்பிடும்போது மணி இரண்டு.